ராத்திரியில் தொட்டிக்குள்ளிருந்து ‘டக்’ சத்தம்: பாறைக்குள் யார் குடியிருக்கிறார்கள்?

செங்காங் செல்வி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் இல்லாமல் கேட்டால் இங்கே திட்டு விழும் என்று தெரியும்.

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டி. கீழே தண்ணீரை வடிகட்டும் சம்ப் தொட்டியோடு சேர்த்துச் சுமார் 250 லிட்டர். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரியில் ஓடுகிறது, உப்பு அடர்த்தி 1.025. மீனில் கிளவுன் ஜோடி, நாலு பச்சைக் குரோமிஸ், ஒரு ராயல் கிராமா. பவளத்தில் இரண்டு கொத்து ஸோவா, ஒரு டோட்ஸ்டூல், ஒரு ஹேமர். அவ்வளவுதான்.

காய்ந்த பாறையில்தான் தொட்டியை ஆரம்பித்தோம். எவ்வளவு நாளானாலும் அது வெள்ளையும் பழுப்புமாகவே இருந்தது. சிங்கப்பூரை விட்டுப் போகிற ஒருவர் தன் பழைய தொட்டியைக் கலைத்தபோது, ஊதாப் பாசி படிந்த லைவ் ராக் (உயிர்கள் குடியிருக்கும் பவளப் பாறை) தருகிறேன் என்றார். விடுவேனா? வாளியில் அவர் தொட்டித் தண்ணீரோடு டாக்சியில் கொண்டுவந்து இறக்கினோம். தொட்டிக்கு ஒரு களை வந்தது. கூடவே இவையும் வந்தன:

சத்தம். விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் ‘டக்’. அப்புறம் அமைதி. மறுபடி ‘டக் டக்’. முதல் தடவை கேட்டபோது கண்ணாடி விரிசல் விடுகிறதோ என்று டார்ச்சோடு நாலு பக்கமும் தேடினோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா ஹாலில்தான் படுக்கிறார். “பல்லி சொல்லுதுடி, தெற்குப் பக்கம்” என்று பலன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் பல்லி உண்டுதான். ஆனால் இந்தச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது.

நத்தை. பாசி தின்ன விட்ட டர்போ நத்தைகள் ஒவ்வொன்றாகக் காலி. சில ஓடுகள் முழுசாக இருக்கின்றன, உள்ளே ஆள் இல்லை. சிலவற்றில் வாய் விளிம்பு உடைந்து பல் பல்லாக இருக்கிறது.

மீன். குரோமிஸில் ஒன்றைக் காணோம். முள்கூட மிச்சமில்லை.

புழு. டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றி நடுராத்திரியில் பார்த்தேன். இளஞ்சிவப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை முடி. என் உள்ளங்கை நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மீதி பாறைக்குள். வெளிச்சம் அசைந்ததும் சர்ரென்று உள்ளே போய்விட்டது.

கடைசியாக, பழுப்பு நிறத்தில் கண்ணாடி போன்ற குட்டிப் பூக்கள். முதலில் ஒன்றுதான் இருந்தது. இப்போது பாறை இடுக்கெல்லாம் இருக்கின்றன.

மீனையே பிடித்துத் தின்னும் பாபிட் என்ற ராட்சதக் கடல்புழுவின் வீடியோ ஒன்று பார்த்ததிலிருந்து வீட்டுக்காரர் தொட்டிக்குள் கை விடுவதே இல்லை. கண்ணாடி சுரண்டும் வேலை முழுக்க என் தலையில். இத்தனையும் ஒரே ஆளின் வேலையா? அந்தப் பாறையைத் தூக்கிப் போட்டுவிடவா?


குரோம்பேட்டை குமார்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாறையை எல்லாம் எடுத்து ஒரு பெரிய அண்டாவில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். உள்ளே எது இருந்தாலும் காலி. என் நன்னீர்த் தொட்டிக்கு மரக்கட்டை வாங்கினால் நான் அப்படித்தான் செய்வேன்.


பழைய உப்பு:

குமார் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை முதலில் சொல்லியாக வேண்டும். உப்புத்தண்ணீர்ப் பாறையைக் கொதிக்க வைக்கவே கூடாது. மரக்கட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செல்வியின் தொட்டியில் ஸோவா இருக்கிறது. ஸோவாவிலும் அதன் சொந்தமான பாலிதோவாவிலும் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. ஹவாயில் மூர், ஷாயர் என்ற இருவர் 1971-இல் அதைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். உயிர்கள் உண்டாக்கும் நஞ்சுகளில் படுமோசமான சிலவற்றில் அதுவும் ஒன்று. கொதிக்கும்போது ஆவியோடு கிளம்பி நேரே நுரையீரலுக்குப் போகும். 2018-இல் இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் கொதிக்கக்கூட வைக்கவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்யும்போது பாறையிலிருந்த பவளத்தைச் சுரண்டியதற்கே குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. அண்டாவை மறந்துவிடுங்கள்.

இனி செல்விக்கு. தங்கச்சி, ஐந்தும் ஒரே ஆள் இல்லை. குறைந்தது மூன்று பேர். அதில் ஒருவர்தான் குற்றவாளி, அவரும் நீங்கள் சந்தேகப்படும் ஆளாக இருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. இந்தப் பொழுதுபோக்கில் பழி எப்போதும் புழு மேல்தான் விழும். பார்க்க அருவருப்பாக இருக்கிறதல்லவா, அதனால்.

நீங்கள் சொல்லும் இளஞ்சிவப்பு உடம்பு, வெள்ளை முடிக்கொத்து எல்லாம் பிரிஸ்டில் புழுவுக்குத்தான் பொருந்துகிறது. மிச்சத் தீனி, மீன் கழிவு, செத்த உடல் இவைதான் அதற்குச் சாப்பாடு. மணலுக்கும் பாறை இடுக்குக்கும் உள்ளே நம் கை போகாத இடத்தைச் சுத்தம் செய்வது அதுதான். ஒரு நத்தை சாயங்காலம் தானாகவே செத்தால் ராத்திரிக்குள் புழு வந்து சேரும். அந்த நேரம் பார்த்து நீங்கள் டார்ச் அடிக்கிறீர்கள். பிணத்தின் மேல் ஆள் இருக்கிறது, கொலைப் பட்டம் கட்டியாயிற்று! அது அளவுக்கு மீறிப் பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். அந்த முடி தோலில் குத்தி ஒடிந்து நிற்கும், பல நாள் எரியும். பட்டுவிட்டால் தேய்க்காமல் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தெடுங்கள்.

பாபிட் புழு வேறு சாதி. அதற்குத் தலையில் ஐந்து உணர்கொம்புகள், உடம்பில் வானவில் மினுமினுப்பு. பக்கவாட்டில் இப்படி வெள்ளை முடிக்கொத்து இருக்காது. வீட்டுத் தொட்டிக்குப் பெரிய பாபிட் வருவது அபூர்வம், ஆனால் கட்டுக்கதை இல்லை. 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ ஊரில் உள்ள ப்ளூ ரீஃப் மீன்காட்சியகத்தில் பவளங்கள் கடிபட்டுக்கொண்டே இருந்தன. சில இரண்டு துண்டாகக் கிடந்தன. இரை வைத்த பொறியையும் எதுவோ ராத்திரியோடு ராத்திரியாக நாசம் செய்தது. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தபோது நாலடிப் புழு ஒன்று வெளிப்பட்டது. சின்னதாக இருந்தபோதே பாறைக்குள் ஒளிந்து வந்து அங்கேயே வளர்ந்திருக்கிறது. அதற்குப் பேரி என்று பெயர் வைத்துத் தனித்தொட்டியில் குடிவைத்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே கடிபட்டது பவளம். உங்கள் டோட்ஸ்டூலும் ஹேமரும் நன்றாக இருக்கின்றன என்றால் பாபிட்டை மறந்துவிடலாம்.

சத்தத்துக்கு வருவோம். முதலில் சில்லரையும் பம்பையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டுக் கேளுங்கள். சில்லரின் ரிலே விழும் ‘டக்’கைக் கேட்டுத் தொட்டியையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு. அணைத்த பிறகும் கேட்டால் இரண்டே பேர்: பிஸ்டல் இறால் அல்லது மாண்டிஸ் இறால்.

பிஸ்டலுக்கு ஒரு கை சின்னது, ஒரு கை ராட்சதம். பெரிய கொடுக்கைப் படாரென்று மூடினால் தண்ணீர் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் பீச்சி ஒரு குமிழி உண்டாகிறது. குமிழி உடையும்போதுதான் அந்தச் சத்தம். கொடுக்கு கொடுக்கில் மோதுவதால் வரவில்லை என்று 2000-இல் வேகக் கேமரா வைத்துக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷம், குமிழி உடையும் கணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளி மின்னலும் அடிக்கிறது என்று அதே குழு சொன்னது. விரல் பாதி நீள இறாலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். ஆனால் நத்தை ஓட்டை உடைப்பது அதன் வேலை இல்லை. சின்னச் சின்ன இரையை அதிர்ச்சியில் மயங்க வைத்துத் தின்னும், மணலையும் சில்லுக் கல்லையும் தள்ளி வளை கட்டும்.

மாண்டிஸ் அப்படி இல்லை. அதில் குத்துச்சண்டைக்காரன் போலக் குத்தும் வகை ஒன்று, ஈட்டி போலப் பாய்ச்சும் வகை ஒன்று. பாறையோடு வருவது பெரும்பாலும் குத்தும் வகை. ஷீலா பாடெக் என்ற ஆய்வாளரின் குழு 2004-இல் மயில்நிற மாண்டிஸின் குத்தை அளந்தபோது நொடிக்கு 23 மீட்டர் வரை வேகம் வந்தது. நத்தை ஓடெல்லாம் தூள். அப்படிப்பட்டது உள்ளே இருந்தால் ஓட்டில் ஓட்டையோ பெரிய விரிசலோ இருக்கும், வளை வாசலில் உடைந்த சில்லுகள் குவிந்திருக்கும். இன்னொன்று, குத்தும் மாண்டிஸ் பெரும்பாலும் பகலில்தான் வேட்டைக்குக் கிளம்பும், இருட்டினால் வாசலைக் கல் வைத்து அடைத்துக்கொள்ளும். உங்கள் சத்தம் விளக்கு அணைந்த பிறகு. என் ஓட்டு பிஸ்டலுக்கு.

அப்படியானால் நத்தையைத் தின்றது யார்? ஓட்டின் வாய் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே உள்ளே போவது நண்டின் கைவேலை. பாறை இடுக்கில் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் ரோமக்கால் நண்டு ஒன்று இருக்கும், தேடுங்கள். என் கைக்கணக்கு: காலில் ரோமம், கொடுக்கு நுனியில் கறுப்பு இருந்தால் வெளியேற்று. வழவழ கால், பவளக் கிளைக்குள்ளேயே குடியிருப்பு என்றால் விட்டுவிடு, அது பவளத்துக்குக் காவல்காரன். பவளத்தைத் தின்னும் முள் நட்சத்திர மீனையே கொடுக்கால் கிள்ளி விரட்டும் ஆள். எமரால்டு நண்டு மட்டும் விதிவிலக்கு. ரோமம் இருந்தாலும் குமிழ்ப்பாசி தின்பதற்கென்று கடையிலேயே விற்கிறார்கள்.

முழு ஓடாகக் காலியான நத்தைகளை யாரும் கொல்லவில்லை. டர்போ கவிழ்ந்து விழுந்தால் மணலில் நிமிரத் தெரியாது. சுத்தமான தொட்டியில் பாசி போதாமலும் சாகும்.

குரோமிஸ் கதையும் அப்படித்தான். கூட்டமாக வாங்கினால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறையும் மீன் அது. செத்த சின்ன மீன் ஒரே ராத்திரியில் முள் மிச்சமில்லாமல் போய்விடும். தொட்டிக்குப் பின்னாலும் ஒரு தடவை பாருங்கள், குதித்திருக்கலாம்.

சத்தம் போடும் ஆளைக் காதால் பிடிக்க முடியாது. தண்ணீரில் சத்தம் நொடிக்கு 1,500 மீட்டர் போகிறது, மூன்றடித் தொட்டியில் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வருகிற மாதிரிதான் கேட்கும். அதனால் புதிதாக வந்த பாறைகளை மட்டும் எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய தனித்தனி வாளியில் காற்றுக்குமிழி விடும் கல் போட்டு வையுங்கள். எந்த வாளி ‘டக்’ என்கிறதோ அந்தப் பாறை. அதைக் காலி வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, வளைக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் சர்க்கரை இல்லாத சோடாவைப் பீச்சினால் ஆள் தானாக வெளியே விழும். இதைத் தொட்டிக்குள் செய்யாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், ஸோவா ஒட்டியிருக்கும் பாறையைத் தொடவே வேண்டாம்.

நண்டுக்கு வாளி வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும். அடியில் இறால் துண்டு போட்டு, நண்டு இருக்கும் பாறையில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். உள்ளே இறங்கிவிடும், வழுக்கும் கண்ணாடியில் ஏறத் தெரியாது.

அந்தக் கண்ணாடிப் பூதான் ஐப்டேசியா. என்னைக் கேட்டால் உங்கள் பட்டியலில் நிஜமான தலைவலி அது ஒன்றுதான். அது ஒரு வகைக் கடல் சாமந்தி, பூ மாதிரி இருக்கும் பிராணி. சுரண்டினால், கிள்ளினால், விட்டுப்போன ஒவ்வொரு துணுக்கும் புதுசாக முளைக்கும். அதைத் தின்னும் பெப்பர்மிண்ட் இறால் வாங்கி விடுங்கள். கடையில் ஒட்டக இறாலை அதே பெயரில் தந்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். முதுகில் திமிலும் உடம்பெல்லாம் பளிச்சென்று சிவப்பு வெள்ளைக் கோடும் இருந்தால் அது ஒட்டகம், அது ஸோவாவையே கொறிக்கும். பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறு எதுவும் தின்னாது, கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. காப்பர்பேண்ட் மீனும் தின்னும், நம் சிங்கப்பூர்க் கடலிலேயே இருக்கும் மீன். ஆனால் தொட்டியில் வேறு தீனிக்குப் பழக அடம்பிடிக்கும், புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாறையைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தோனேசியா 2018-இல் பவளம், லைவ் ராக் ஏற்றுமதியை நிறுத்தியது; பவள ஏற்றுமதி பின்னால் மறுபடி தொடங்கினாலும், நல்ல பழுத்த பாறை பெரும்பாலும் கைமாறித்தான் கிடைக்கிறது. அதற்குள் இருக்கும் நூறு பேரில் இரண்டு பேரை வெளியேற்றப் போகிறீர்கள். மற்றவர்கள்தான் தொட்டியை நடத்துகிறார்கள்.


முத்துநகர்:

செல்வி அக்கா, நான் தூத்துக்குடி. பவளப் பாறைக் கணக்கெடுப்புக்குத் தண்ணீருக்குள் இறங்கும் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் ‘டக்’கைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் பாருக்கு (பவளத் திட்டுக்கு) மேலே தலையைத் தண்ணீருக்குள் விட்டால் போதும், எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் நாலாபக்கமும் கேட்கும். எல்லாம் பிஸ்டல் இறால் கூட்டம். முதல் முறை இறங்குபவர்கள் காதில் ஏதோ கோளாறு என்று மேலே வந்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் காதால் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படைக்கே இந்தச் சத்தம் பெரிய இடைஞ்சல். கடைசியில் ஆய்வாளர்களை வைத்து எங்கெங்கே இந்த இறால் இருக்கிறது என்று தேடினார்கள். உங்கள் ஹாலில் ஒன்றுதான் இருக்கிறது, சமாளித்துவிடலாம்.

பழைய உப்பு அண்ணாச்சி நூறு பேர் என்றது ரொம்பக் குறைவு. பவளம் என்றால் நாம் மேலே தெரிகிற கிளையையும் நிறத்தையும் பார்க்கிறோம். பாரின் சனத்தொகை முழுக்க உள்ளே, இடுக்கிலும் துளையிலும் இருக்கிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பல கடல்களிலிருந்து செத்த பவளத் தலைகளையும் அது போன்ற இடங்களையும் எடுத்து, உள்ளே இருந்த நண்டு, இறால் இனங்களை டி.என்.ஏ. வைத்துப் பிரித்தார்கள். பார்த்த பரப்பு மொத்தம் 6.3 சதுர மீட்டர். ஒரு படுக்கை அறையில் பாதி. கிடைத்தது 525 வகை. அதில் புழு, நத்தை, கடற்பஞ்சு எதுவும் சேர்த்தியில்லை. வெறும் ஓட்டுடலிகள் மட்டும்.

அதனால் லைவ் ராக் வாங்கும்போது கல் வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம், ஒரு தெருவையே வாங்குகிறோம். பகலில் பாறையைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள், விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பல ஓட்டுடலிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் ஓடாது. ஸ்பகெட்டி புழு என்று ஒன்று உண்டு, உடம்பு உள்ளேயே இருக்கும், நூல் நூலாகக் கைகளை மட்டும் மணல் மேல் விரித்துத் தூசியை இழுத்துக்கொள்ளும். கைட்டன் என்று எட்டு ஓட்டுத் தகடு உள்ள ஒரு பிராணி பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு பாசி மேயும். குட்டி நொறுங்கு நட்சத்திர மீன்கள் இடுக்கிலிருந்து ஒரு கையை மட்டும் நீட்டித் தீனி தேடும். இவை எதையும் கொல்லாதீர்கள்.


குரோம்பேட்டை குமார்:

அண்டாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறோம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கல் ஒன்று எடுத்து வந்து நானும் ஆரம்பித்தால் என்ன?


முத்துநகர்:

வேண்டவே வேண்டாம் அண்ணே. கல்லாகும் பவளம் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-இலிருந்து இருக்கிறது. புலிக்கு என்ன சட்டமோ அதேதான் இதற்கும். குறைந்தது மூன்று ஆண்டு சிறை. உயிரோடு இருக்கிறதா, செத்துக் கரை ஒதுங்கியதா என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. கடைத்தெருவில் வெளுத்த பவளத்தை அலங்காரப் பொருளாக வாங்கினாலும் மாட்டுவீர்கள்.

சட்டம் சும்மா வரவில்லை. எங்கள் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள், 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். முருகைக் கல்லை, அதாவது பவளக் கல்லை, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்ததில் அலை தடுக்க ஆளில்லாமல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. கணக்கில் மட்டும் 21. நீங்கள் கிளவுன் மீன் வளர்க்க ஆசைப்பட்டால் காய்ந்த செயற்கைப் பாறையில் பாக்டீரியா வளர்த்து ஆரம்பியுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் விருந்தாளிகளும் இருக்க மாட்டார்கள், உங்களுக்கு அதுதான் பிடிக்கும்!


செங்காங் செல்வி:

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்தது, அல்லது முக்கால்வாசி முடிந்தது.

முதலில் சில்லரை அணைத்தோம். சத்தம் நிற்கவில்லை. புதுப் பாறை மூன்றையும் மூன்று வாளியில் ஹாலில் வரிசையாக வைத்து, விளக்கை அணைத்துவிட்டு நான், அவர், அம்மா மூவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. நடு வாளி ‘டக்’ என்றது. அம்மாதான் முதலில் கை நீட்டினார்.

அண்ணே சொன்னபடி சோடா. மூன்றாவது வளையில் பீச்சியதும் பச்சையும் பழுப்புமாக ஒரு இறால் பின்பக்கமாகத் துள்ளி வாளிக்குள் விழுந்தது. சுண்டுவிரல் பாதி நீளம்தான். ஒரு கொடுக்கு மட்டும் இன்னோர் இறாலிடமிருந்து கடன் வாங்கி ஒட்டவைத்த அளவுக்குப் பெரிசு. பிஸ்டலேதான். இதற்கா இத்தனை நாள் தூங்காமல் இருந்தோம் என்று ஆகிவிட்டது. அதைத் தொட்டியிலேயே திரும்ப விட்டுவிட்டேன். சத்தத்துக்குக் காரணம் தெரிந்த பிறகு யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

நண்டும் இருந்தது. டம்ளரில் முதல் ராத்திரி ஹெர்மிட் நண்டுகள் மட்டும் வந்து விருந்து சாப்பிட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தன. இடத்தை மாற்றி வைத்த பிறகுதான் அவர் வந்தார். காலெல்லாம் ரோமம், கொடுக்கு நுனி கறுப்பு, முதுகு ஐம்பது காசு நாணயத்தைவிடப் பெரிசு. அவருடைய பாறையைத் திருப்பிப் பார்த்தால் கீழே ஒரு குழியில் டர்போ ஓட்டுச் சில்லுகள். கொல்ல மனம் வரவில்லை, சம்ப்பில் போட்டிருக்கிறேன். அங்கே அவருக்கு என்ன போடுவது?

காணாமல் போன குரோமிஸ் தொட்டி மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் கருவாடாகக் கிடைத்தது. அம்மா பெருக்கும்போது எடுத்தார். இப்போது மேலே வலை மூடி போட்டாயிற்று.

பெப்பர்மிண்ட் இறால் மூன்று விட்டிருக்கிறேன். திமில் இருக்கிறதா என்று கடைக்காரரை வைத்துக்கொண்டே திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவருக்குக் கொஞ்சம் கடுப்பு. சின்ன ஐப்டேசியாக்கள் குறைந்திருக்கின்றன. பெரியவற்றை அவை தொடுவதில்லை.

வீட்டுக்காரர் இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சிவப்பு டார்ச்சோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். கை மட்டும் இன்னும் விடுவதில்லை. அவர் கண்டுபிடித்த ஒன்றுக்கு விளக்கம் வேண்டும். பாறையில் வெள்ளைக் குழாய் போல, சுருண்ட அடியோடு கெட்டியான ஒன்று ஒட்டியிருக்கிறது. தீனி போட்டதும் அதன் வாயிலிருந்து சிலந்தி நூல் போல எதையோ வெளியே விடுகிறது, அப்புறம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நூல் பட்ட இடத்தில் ஸோவா மூடிக்கொள்கிறது. இது யார்?


பழைய உப்பு:

நல்ல வேலை செய்தீர்கள். உங்கள் அம்மாவின் காதுக்கு என் வணக்கம்.

நூல் விடுபவர் வெர்மெடிட். அதுவும் நத்தைதான், ஆனால் நடமாட்டத்தை விட்டுவிட்டுப் பாறையில் ஓட்டை நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட நத்தை. சளியால் வலை வீசித் தண்ணீரில் மிதக்கும் தீனித் துணுக்கைப் பிடித்து, வலையோடு சேர்த்து விழுங்கும். அந்தச் சளி பட்டால் பவளம் சுருங்கும். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, விட்டால் பெருகும். குழாயை ஒடித்தால் மட்டும் சாகாது, உள்ளே பின்வாங்கிக்கொண்டு மறுபடி கட்டும். பவளத் துண்டு ஒட்ட வாங்கும் ஜெல் பசை, சயனோஅக்ரிலேட் என்று போட்டிருக்கும், அதில் ஒரு துளியைக் குழாயின் வாயில் வைத்து அடைத்துவிடுங்கள். தண்ணீருக்குள்ளேயே வைக்கலாம், இறுகிவிடும். பொடித் தீனி போடுவதைக் குறைத்தால் புதிதாக வருவதும் குறையும்.

பெரிய ஐப்டேசியாவுக்குச் சுண்ணாம்பு வழி: கால்க்வாசர் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் பசை போலக் குழைத்து, பம்பை அணைத்துவிட்டு, சிரிஞ்சால் அதன் வாய் மேலேயே மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டு இடித்தால் சுருங்கி உள்ளே போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று நாலுக்கு மேல் செய்யாதீர்கள், பி.ஹெச். ஏறும்.

நண்டுக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். சம்ப்பில் விழும் மிச்சமும் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு துண்டு நோரியும் (காய்ந்த கடற்பாசித் தாள்) போதும். தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்பின் வாயில் மட்டும் பஞ்சு வலை மாட்டுங்கள், ஏறப் பார்க்கும். அடுத்த முறை டர்போவுக்குப் பதில் ட்ரோகஸ் நத்தை வாங்குங்கள், கவிழ்ந்தாலும் தானாக நிமிரும்.